நிமிர்ந்து நின்ற இறக்கை நுனி

விமானத்தில் ஜன்னலோர சீட் கிடைத்தவர்கள் பார்த்திருப்பார்கள். நீண்டுகொண்டே போகிற இறக்கை, நுனிக்கு வந்ததும் மேல்நோக்கி வளைந்து நிற்கும். கம்பெனிகள் தங்கள் சின்னத்தை வரைந்து வைப்பதும் பல நேரம் அதில்தான். விங்லெட் என்று பெயர். எண்ணெய் தீர்ந்துவிடுமோ என்று உலகம் பயந்த காலத்தில் உருவானது அது.

அந்தப் பயத்தைக் கோடு போட்டுக் காட்டியவர் ஷெல் நிறுவனத்தின் நிலவியலாளர் கிங் ஹப்பர்ட். அமெரிக்க எண்ணெய் உற்பத்தி 1965-க்கும் 1970-க்கும் இடையில் உச்சிக்கு ஏறி, பிறகு இறங்கும் என்று 1956-ல் டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரில் சொன்னார். பலர் நம்பவில்லை. 1970-ல் அது பலித்தது. மூன்றாம் ஆண்டே அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்தன. 3 டாலர் சொச்சத்துக்கு விற்ற பீப்பாய் சில மாதங்களில் ஏறக்குறைய 12 டாலருக்குப் போனது. வேறு எரிபொருளுக்கு மாற வழியில்லாத விமானத் துறை கையைப் பிசைந்தது.

நாசாவின் லேங்லி ஆய்வு மையத்தில் அப்போது ரிச்சர்ட் விட்கோம்ப் இருந்தார். காற்றுச் சுரங்கத்தில் மாதிரி விமானத்தைத் தன் கையாலேயே அரத்தால் ராவி, மறுபடி காற்றை விட்டுப் பார்க்கிற ஆள். வட்டமிடும் பெரும் பறவைகளின் பறத்தல் பற்றிய ஒரு கட்டுரை அவரை யோசிக்க வைத்தது. இறக்கைக்குக் கீழே காற்றழுத்தம் அதிகம், மேலே குறைவு. அதனால் கீழ்க்காற்று நுனியைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறிச் சுழலாகிறது. அந்தச் சுழல் விமானத்தைப் பின்னுக்கு இழுக்கிறது.

நுனியில் தடுப்புப் பலகை வைக்கும் யோசனை பழையது. இங்கிலாந்தின் லான்செஸ்டர் 1897-லேயே காப்புரிமை வாங்கியிருந்தார். ஆனால் தட்டைப் பலகை தந்த லாபத்தைப் பலகையின் சொந்த இழுவையே தின்றுவிட்டது. விட்கோம்ப் அதைக் குட்டி இறக்கையாகவே செதுக்கினார். பக்கவாட்டில் அடிக்கும் காற்றைப் பாய்மரம் முன்னோட்டமாக மாற்றிக்கொள்வதுபோல, சுழன்று ஏறும் காற்றிலிருந்து விங்லெட் கொஞ்சம் உந்துதலை மீட்டுத் தந்தது.

இறக்கையையே நீட்டிவிடலாமே என்றால், இறக்கை விமான உடலோடு சேரும் அடிப்பகுதியில் பாரம் கூடும். விமான நிலையத்தில் நிறுத்தும் இடமும் போதாது. மேலே வளைத்தால் இரண்டு தொல்லையும் குறையும்.

1976-ல் ஆய்வறிக்கை வந்தது. 1979-ல் கேசி-135 ராணுவ விமானத்தில் 9 அடி உயர விங்லெட் பொருத்திப் பறந்து பார்த்தார்கள். எரிபொருளில் சுமார் 6.5 சதவீதம் மிச்சம்.

இவ்வளவு தெளிவான லாபத்தை எல்லாரும் ஓடிவந்து வாங்கியிருக்க வேண்டும். சின்ன ஜெட் செய்கிறவர்கள் வாங்கினார்கள். பெரிய கம்பெனிகள் அசையவில்லை. 1986-ல் எண்ணெய் விலை சரிந்தது, அவசரமும் போயிற்று. விங்லெட்டோடு போயிங் 747-400 முதலில் பறந்தது 1988-ல்தான். 737-க்கு அது வந்து சேர 2001 ஆயிற்று. 2008 ஜூலையில் பீப்பாய் 147 டாலரைத் தொட்ட பிறகு, விங்லெட் இல்லாத விமானத்தை வைத்திருப்பதே பல கம்பெனிகளுக்கு நஷ்டக் கணக்காகத் தெரிந்தது. சோதித்துப் பார்த்த அமெரிக்க விமானப் படையோ தன் கேசி-135 விமானங்களுக்கு அதைப் பொருத்தவே இல்லை.

ஹப்பர்ட்டின் கோடும் முழுக்க நிலைக்கவில்லை. ஷேல் பாறைகளை உடைத்து எண்ணெய் எடுத்த அமெரிக்கா, 2018-ல் தன் 1970 உச்சத்தையே தாண்டிவிட்டது. ஹப்பர்ட் தோற்றார் என்கிறது ஒரு கட்சி; மலிவான எண்ணெய்க் காலம் முடிந்தது உண்மைதானே என்கிறது மறு கட்சி. எந்தக் கட்சி வென்றாலும் விமானத்தின் சிக்கல் தீராது. ஒரு கிலோ மண்ணெண்ணெயில் சுமார் 12 கிலோவாட் மணி சக்தி இருக்கிறது. வழக்கமான ஒரு கிலோ பேட்டரியில் அரை கிலோவாட் மணிகூட இல்லை. விங்லெட் செலவைக் குறைத்ததே தவிர, மண்ணெண்ணெயிலிருந்து விமானத்தை விடுவிக்கவில்லை.

விடுவிக்கக்கூடியது என்று இப்போது காட்டப்படுவது பயன்படுத்திய சமையல் எண்ணெய், தாவரக் கழிவு போன்றவற்றிலிருந்து செய்யும் மாற்று எரிபொருள். அதை ஊற்றி விமானங்கள் பறந்தும்விட்டன. ஆனால் உலக விமான எரிபொருளில் அதன் பங்கு 2024-ல் 1 சதவீதத்தைக்கூட எட்டவில்லை, விலை அதிகம். 1980-ல் விங்லெட் நின்ற இடத்தில்தான் அது இன்று நிற்கிறது: சோதனை முடிந்தது, பலன் தெரிந்தது, கணக்குப்பிள்ளை மட்டும் இன்னும் தலையசைக்கவில்லை.