அமெரிக்க இளைஞரும் சோசலிச ஈர்ப்பும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 18 முதல் 29 வயது வரையுள்ளோர் முதலாளித்துவத்தைவிடச் சோசலிசத்தை ஒருபடி மேலாகக் கருதும் போக்கு 2010களின் கருத்துக்கணிப்புகளில் தெரியத் தொடங்கியது. கேலப் நிறுவனத்தின் 2010ஆம் ஆண்டுக் கணிப்பில் இந்த வயதினரில் 68 விழுக்காட்டினர் முதலாளித்துவத்தின் மீது நல்லெண்ணம் தெரிவித்தனர். 2018இல் அது 45 விழுக்காடாகச் சரிந்தது. சோசலிசத்தின் மீது நல்லெண்ணம் கொண்டோரோ இரு ஆண்டுகளிலும் 51 விழுக்காட்டினரே. பியூ ஆய்வு மையம் 2022இல் கேட்டபோது சோசலிசத்துக்கு 44, முதலாளித்துவத்துக்கு 40 என்று பதில் வந்தது. ஆகவே சோசலிசத்தின் செல்வாக்கு ஏறியதைவிட முதலாளித்துவத்தின் செல்வாக்கு இறங்கியதுதான் இங்கே முதல் செய்தி. அந்த இறக்கத்துக்கான காரணத்தைக் கொள்கை நூல்களில் தேடுவதைவிட, இளைஞர்கள் மாதந்தோறும் கட்ட வேண்டியிருக்கும் தொகைகளில் தேடுவது பொருத்தம்.

பின்னணி

சோசலிசம் அமெரிக்காவுக்குப் புதிதல்ல. 1912 குடியரசுத் தலைவர் தேர்தலில் சோசலிஸ்ட் கட்சியின் யூஜின் டெப்ஸ் ஏறத்தாழ 9 லட்சம் வாக்குகள் பெற்றார். பதிவானதில் அது 6 விழுக்காடு. முதல் உலகப் போரை எதிர்த்துப் பேசியதற்காகச் சிறைக்கு அனுப்பப்பட்ட அவர், 1920இல் சிறையில் இருந்தபடியே போட்டியிட்டு மறுபடியும் 9 லட்சத்துக்கு மேல் வாங்கினார். பின்னர் வந்த பனிப்போர் அந்த மரபை ஏறக்குறைய துடைத்துவிட்டது. அணுகுண்டு விழுந்தால் மேசைக்கடியில் பதுங்குவது எப்படி என்று பள்ளியில் பயிற்சி பெற்று வளர்ந்த தலைமுறைக்குச் சோசலிசம் என்றாலே சோவியத் ஒன்றியம்தான், எதிரி நாட்டின் கொள்கைதான்.

சோவியத் ஒன்றியம் 1991 டிசம்பரில் கலைந்தது. 2016இல் முதல்முறை வாக்களித்த இளைஞர் அதற்குச் சில ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர். ரொட்டிக்காக மாஸ்கோவில் மக்கள் வரிசையில் நின்ற காட்சி அவர் நினைவில் இல்லை. அவர் சிறுவயதில் கண்டது, தவணை கட்ட முடியாமல் வங்கியிடம் வீட்டை இழந்த அக்கம்பக்கத்துக் குடும்பங்களை. பழைய அச்சம் விலகிய இடத்தில் புதிய அனுபவம் வந்து அமர்ந்தது.

2008உம் அதன் பின்னும்

லேமன் பிரதர்ஸ் முதலீட்டு வங்கி 2008 செப்டம்பர் 15இல் திவாலானது. அடுத்த மாதமே நிதி நிறுவனங்களைக் காப்பாற்ற 70,000 கோடி டாலர் வரை செலவிட நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. 2009 அக்டோபரில் வேலையின்மை 10 விழுக்காட்டைத் தொட்டது. இளைஞரிடம் அது இன்னும் அதிகம். மந்தக் காலத்தில் படிப்பை முடித்து வேலைக்குப் போகிறவர்களின் சம்பளம் பல ஆண்டுகள் பின்தங்கியே இருப்பதைப் பொருளியல் ஆய்வுகள் காட்டியுள்ளன. வங்கிகளைக் கைதூக்கிவிட அரசிடம் பணம் இருந்தது, தங்களுக்கென்று வரும்போது மட்டும் இல்லை என்ற மனக்குறை அந்தத் தலைமுறையிடம் ஆழப் பதிந்தது. அந்த மனக்குறை நியாயமானது.

பெற்றோரைவிடப் பிள்ளைகள் வசதியாக வாழ்வார்கள் என்பது அமெரிக்க முதலாளித்துவம் தந்துவந்த பெரிய வாக்குறுதி. தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பொருளியலாளர் ராஜ் செட்டியும் அவர் குழுவினரும் 2017இல் வெளியிட்ட ஆய்வு அந்த வாக்குறுதியை அளந்து பார்த்தது. 1940இல் பிறந்தவர்களில் சுமார் 90 விழுக்காட்டினர் பெற்றோர் ஈட்டியதைவிட அதிகம் ஈட்டினர். 1980களில் பிறந்தவர்களில் பாதிப்பேர்தான் அப்படி. வளர்ச்சியின் வேகம் குறைந்தது இதற்கு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், வளர்ச்சியின் பலன் மேல்தட்டில் சிலரிடம் சேர்ந்துவிட்டது என்று அந்த ஆய்வு கண்டது. இளைஞர்கள் பங்கீட்டைப் பற்றிப் பேசுவதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

கடன், வாடகை, மருத்துவம்

எல்லாவற்றுக்கும் முன்னே நிற்பது கல்விக் கடன். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் நகரவாசிகளான இளங்கலை மாணவர்களுக்கு 1976 வரை இலவசமாகவே கற்பித்தது. நகரம் நிதி நெருக்கடியில் சிக்கியபோதுதான் கட்டணம் வந்தது. மற்ற மாநிலங்களின் பொதுப் பல்கலைக்கழகங்களிலும் அரசு மானியம் சுருங்கச் சுருங்கக் கட்டணம் ஏறியது. இன்று கூட்டாட்சி அரசுக்குக் கல்விக் கடன் தர வேண்டியவர்கள் 4 கோடிக்கும் மேல். மொத்தத் தொகை 1.6 லட்சம் கோடி டாலர் அளவில் இருக்கிறது.

இந்தக் கடன் எப்படி அழுத்துகிறது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். 6 விழுக்காடு வட்டிக்கு 30,000 டாலர் வாங்கிய ஒருவருக்கு ஆண்டு வட்டி 1,800 டாலர், மாதத்துக்கு 150. சம்பளம் குறைவு என்பதால் வருமானத்துக்கேற்ற தவணைத் திட்டத்தில் மாதம் 100 டாலர் கட்டுகிறார் என்று கொள்வோம். வட்டியிலேயே மாதம் 50 டாலர் நிலுவை விழும். ஐந்தாண்டில் 6,000 டாலர் கட்டிய பிறகும் அவர் தர வேண்டியது 33,000 டாலர். தவணை தவறாமல் கட்டியும் கடன் வளர்கிறது. திவால் சட்டத்தின் கீழ் கிரெடிட் கார்டு கடனிலிருந்து விடுபடலாம்; கல்விக் கடனிலிருந்து விடுபடுவது மிகக் கடினம். 2022 ஆகஸ்டில் அதிபர் பைடன் ஒருவருக்கு 10,000 டாலர் வரையிலும், ஏழை மாணவருக்கான பெல் உதவித்தொகை பெற்றிருந்தவர்களுக்கு 20,000 டாலர் வரையிலும் தள்ளுபடி அறிவித்தார். உச்ச நீதிமன்றம் 2023 ஜூன் 30இல் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அதைச் செல்லாதென்றது.

வாடகைக் குடித்தனக்காரர்களில் பாதிப்பேர் வருமானத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் வீட்டுக்கே செலவிடும் நிலை 2022இல் இருந்தது. கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், 2009 ஜூலைக்குப் பிறகு அது உயரவில்லை.

மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் வேலையோடு பிணைந்தது. 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி 26 வயது வரை பெற்றோரின் காப்பீட்டில் இருக்கலாம். அதன்பின் சொந்தக் காப்பீடு தேட வேண்டும். உணவு கொண்டுபோய்த் தருவது, வாடகைக் கார் ஓட்டுவது போன்ற செயலிவழி வேலைகளில் இருப்போருக்கு அதைத் தர முதலாளி என்று ஒருவர் இல்லை. காப்பீடு கிடைத்தாலும் டிடக்டிபிள் என்ற வரம்பு உண்டு: அது 3,000 டாலர் என்றால், தடுப்பூசி போன்ற சில சேவைகள் நீங்கலாக, ஆண்டின் முதல் 3,000 டாலர் சிகிச்சைச் செலவு அவரவர் கையைக் கடிக்கும். காய்ச்சலோடு வேலைக்குப் போகும் இளைஞருக்கு, மருத்துவச் செலவைப் பெரும்பாலும் அரசே ஏற்கும் கனடாவும் டென்மார்க்கும் ஏக்கம் தருவதில் வியப்பில்லை.

அரசியல் வடிவம்

2011 செப்டம்பர் 17இல் நியூயார்க்கின் சுக்கோட்டி பூங்காவில் தொடங்கிய வால் ஸ்ட்ரீட் முற்றுகை, 99 விழுக்காட்டு மக்களுக்கு எதிரே 1 விழுக்காட்டுச் செல்வந்தர் என்ற பேச்சைப் பரவலாக்கியது. இரண்டு மாதத்தில் காவல்துறை கூடாரங்களை அகற்றியது. அந்தப் பேச்சு நிலைத்தது. 2013இல் சியாட்டில் நகர மன்றத்துக்கு, புனேயில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த க்ஷமா சாவந்த் சோசலிஸ்ட் என்ற அடையாளத்துடனேயே தேர்வானார். மறு ஆண்டே குறைந்தபட்சக் கூலியைப் படிப்படியாக 15 டாலராக்கும் சட்டத்தை அந்நகரம் இயற்றியது.

நாடளாவிய திருப்பம் பெர்னி சாண்டர்ஸால் வந்தது. 1941இல் பிறந்த இந்த வெர்மான்ட் செனட்டர் தம்மை ஜனநாயக சோசலிஸ்ட் என்றே அழைத்துக்கொள்பவர். அனைவருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு, பொதுக் கல்லூரிகளில் இலவசப் படிப்பு, 15 டாலர் கூலி ஆகியவற்றை முன்வைத்து 2016இல் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் தேர்வில் நின்றார். முப்பது வயதுக்குட்பட்டோர் அவருக்கு அளித்த வாக்குகள், அதே பருவத்தில் ஹிலரி கிளின்டனும் டொனால்ட் டிரம்ப்பும் அந்த வயதினரிடம் பெற்றவற்றின் கூட்டுத்தொகையைவிட அதிகம். 1982இல் உருவான அமெரிக்க ஜனநாயக சோசலிஸ்டுகள் அமைப்பில் 2015 வாக்கில் சுமார் 6,000 உறுப்பினர்கள் இருந்தனர். 2020களின் தொடக்கத்தில் எண்ணிக்கை 90,000ஐ ஒட்டியது. 2018 ஜூனில் அந்த அமைப்பைச் சேர்ந்த 28 வயது அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ கோர்ட்டெஸ், ஜனநாயகக் கட்சியின் மூத்த தலைவர்களில் ஒருவரான ஜோசப் கிரவுலியை உட்கட்சித் தேர்தலில் தோற்கடித்தார்.

கொரோனா காலம் இன்னொரு பாடத்தைத் தந்தது. 2020 மார்ச்சில் கல்விக் கடன் தவணைகள் நிறுத்தப்பட்டன; வீடுகளுக்கு நேரடியாகப் பணம் வந்தது. குழந்தைகளுக்கான வரிச்சலுகை 2021இல் விரிவாக்கப்பட்டுக் குடும்பங்களுக்கு மாதத் தொகையாகவும் வழங்கப்பட்டது. அரசின் துணை வறுமை அளவீட்டின்படி குழந்தை வறுமை 5.2 விழுக்காட்டுக்கு இறங்கியது. சலுகை காலாவதியானதும் 2022இல் அது 12.4ஆக ஏறியது. வறுமை தானாக வருவதல்ல, சட்டத்தால் கூட்டவும் குறைக்கவும் முடிவது என்பதை இந்த இரண்டு எண்கள் கண்முன் காட்டின.

எதை விரும்புகிறார்கள்

ஆலைகளையும் நிலத்தையும் அரசுடைமையாக்கும் பழைய திட்டத்தை இந்த இளைஞரில் பெரும்பாலோர் கேட்கவில்லை. சோசலிசம் என்றால் என்ன என்று கேலப் 1949இல் எல்லா வயதினரிடமும் கேட்டபோது 34 விழுக்காட்டினர் அரசுடைமை என்றனர். 2018இல் அப்படிச் சொன்னோர் 17 விழுக்காடு. சமத்துவம் என்று சொன்னவர்கள் 23 விழுக்காடு. முதலாளித்துவத்தின் மீது கசப்புக் கொண்ட இளைஞரிடையேயும் சிறு தொழிலுக்கும் சொந்தமாகத் தொழில் தொடங்குவோருக்கும் மதிப்பு மிக அதிகம். சந்தை இருக்கட்டும், படிப்பு, மருத்துவம், குடியிருப்பு, குழந்தைப் பராமரிப்பு ஆகியவை மட்டும் காசுள்ளவர்க்கே என்றாகிவிடக் கூடாது என்பதே அவர்கள் கோரிக்கையின் சாரம். அரசியல் கோட்பாட்டில் இதற்குச் சமூக ஜனநாயகம் என்று பெயர். டென்மார்க்கின் அன்றைய பிரதமர் லார்ஸ் லொக்க ராஸ்முசன் 2015இல் ஹார்வர்டில் பேசும்போது, தம் நாடு சோசலிசத் திட்டப் பொருளாதாரம் அல்ல, விரிந்த நலத்திட்டங்கள் கொண்ட சந்தைப் பொருளாதாரமே என்று விளக்கினார்.

மறுப்புகளும் மாற்றுப் போக்குகளும்

வெனிசுவேலாவின் சீரழிவையும் கிழக்கு ஐரோப்பாவின் வரலாற்றையும் இளைஞர்கள் அறியவில்லை என்பது முதன்மையான எதிர்வாதம். சோசலிசத்தைக் கண்டிக்கும் தீர்மானத்தைப் பிரதிநிதிகள் அவை 2023 பிப்ரவரியில் 328-86 என்று நிறைவேற்றியது. ஜனநாயகக் கட்சியினர் நூற்றுக்கும் மேற்பட்டோர் அதை ஆதரித்தனர். நலத்திட்டங்களுக்கான செலவை மேல்தட்டினரின் வரியால் மட்டும் ஈடுகட்ட முடியாது, நார்டிக் நாடுகளில் நடுத்தர வர்க்கமும் கடுமையான வரி கட்டுகிறது என்ற வாதம் இதைவிடக் கனமானது. இதற்கு இளம் இடதுசாரிகள் இன்னும் தெளிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

வயது ஏறினால் இந்த ஈர்ப்பு வடிந்துவிடும் என்றும் சொல்லப்படுகிறது. வீடும் சேமிப்பும் சேரும்போது மனிதர் நிதானப் போக்குக்குத் திரும்புவது பொதுவாக நடப்பதே. ஆனால் அந்த வீடும் சேமிப்பும் சேராத தலைமுறையிடம் அதே மாற்றத்தை எதிர்பார்க்க முடியாது. 2025இல் எல்லா வயதினரும் பங்கேற்ற கேலப் கணிப்பிலேயே முதலாளித்துவத்துக்கான ஆதரவு 54 விழுக்காட்டுக்கு இறங்கியது. 2010இல் இக்கேள்வியைக் கேட்கத் தொடங்கியதிலிருந்து அதுவே மிகக் குறைவு.

இளமை எங்கும் இடதுசாரியாகவே இருக்கும் என்பதும் இல்லை. ஆண்டுப் பணவீக்கம் 140 விழுக்காட்டைத் தாண்டிய அர்ஜென்டினாவில் 2023 நவம்பரில் ஹாவியேர் மிலேய் வென்றார். அரசைச் சுருக்குவேன் என்ற அவருக்கு இளம் ஆண்கள் திரண்டு வாக்களித்தனர். அமெரிக்காவிலும் 2024இல் இளம் ஆண்களிடம் டிரம்ப்பின் ஆதரவு கூடியது. தங்களைக் கைவிட்டது சந்தை என்று தோன்றும் இடத்தில் அரசை நோக்கியும், அரசு என்று தோன்றும் இடத்தில் சந்தையை நோக்கியும் இளைஞர் நகர்கின்றனர்.

நியூயார்க் மேயர் தேர்தல்

2025 நவம்பர் 4இல் நியூயார்க் மேயராக 34 வயது சோரான் மம்தானி தேர்வானார். 1991இல் கம்பாலாவில் பிறந்த இவரும் ஜனநாயக சோசலிஸ்டுகள் அமைப்பைச் சேர்ந்தவர். வாக்குச்சாவடிக் கணிப்புகளின்படி முப்பது வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் அவருக்கு வாக்களித்தனர். வாடகை உயர்வை நிறுத்திவைத்தல், கட்டணமில்லா நகரப் பேருந்து, எல்லாருக்கும் குழந்தைப் பராமரிப்பு, நகரமே நடத்தும் மளிகைக் கடைகள் என அவருடைய திட்டங்கள் எல்லாம் மாதச் செலவைச் சுற்றியவை. 2026 ஜனவரி 1இல் அவர் பொறுப்பேற்றார். வாடகைக் கட்டுப்பாட்டுக்குள் வரும் சுமார் 10 லட்சம் குடியிருப்புகளுக்கான ஆண்டு உயர்வை முடிவு செய்யும் ஒன்பது பேர் வாரியத்தை நியமிப்பவர் மேயரே. செல்வந்தர் மீதான வருமான வரியை உயர்த்தும் அதிகாரமோ நகரத்திடம் இல்லை; அது ஆல்பனியில் உள்ள மாநிலச் சட்டமன்றத்தின் கையில் இருக்கிறது.