லக்ராஸ் விளையாட்டை உருவாக்கியவர்களுக்கே ஒலிம்பிக்கில் இடமில்லையா? யார் இந்த ஹோடினோஷோனி அணி?

2023 அக்டோபரில் மும்பையில் நடந்த சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி கூட்டம் நம்ம ஊர் ரசிகர்களுக்கு நல்லாவே ஞாபகம் இருக்கும். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட் சேர்க்கப்பட்டது அங்குதான். அதே கூட்டத்தில் சேர்க்கப்பட்ட இன்னொரு விளையாட்டு லக்ராஸ். ஆனால், இந்த விளையாட்டை உலகுக்குத் தந்த மக்களின் அணி அதில் ஆடுவதில் பெரிய சிக்கல் இருக்கிறது.

லக்ராஸ் என்றால் என்ன?

நுனியில் வலை கட்டிய மட்டையால் பந்தைப் பிடித்து, வீசி, கோல் போடும் ஆட்டம். மைதான ஆட்டத்தில் ஓர் அணிக்கு 10 பேர். ஒலிம்பிக்கில் 'சிக்ஸஸ்' எனப்படும் 6 பேர் ஆட்டம்.

யார் இவர்கள்?

மோஹாக், ஒனைடா, ஒனொண்டாகா, கயூகா, செனெகா, டஸ்கரோரா என 6 பழங்குடி தேசங்களின் கூட்டமைப்புதான் ஹோடினோஷோனி. இவர்களின் நிலம் அமெரிக்கா, கனடா என எல்லையின் இரு பக்கமும் இருக்கிறது. லக்ராஸ் இவர்களுக்கு வெறும் விளையாட்டு இல்லை. படைத்தவர் தந்த ஆட்டம், நோய் தீர்க்கும் சடங்கு.

1983-ல் தொடங்கிய இந்த அணி, 1990 முதல் உலக சாம்பியன்ஷிப்பில் தனிக்கொடியோடு ஆடுகிறது. 2014, 2018, 2023 என தொடர்ந்து மூன்று முறை வெண்கலம் வென்றது.

வீரர்கள் எப்படித் தேர்வாகிறார்கள்?

அமெரிக்காவும் கனடாவும் கோடிக்கணக்கான மக்களிலிருந்து வீரர்களைத் தேடலாம். ஹோடினோஷோனிக்கு இருப்பது ஒரு சின்ன சமூகம்தான். அமெரிக்கக் கல்லூரி அணிகளிலும் தொழில்முறை லீக்குகளிலும் ஆடுபவர்களைத் தேர்வு முகாமுக்கு அழைத்து, படிப்படியாக வடிகட்டுகிறார்கள். உலக சாம்பியன்ஷிப்புக்கு 23 பேர், சிக்ஸஸ் ஆட்டத்துக்கு 12 பேர். சின்ன சமூகம் என்பதால் தரம் குறைவு என நினைக்க வேண்டாம். அமெரிக்கக் கல்லூரி லக்ராஸின் உயரிய டெவாரட்டன் விருதை, ஒனொண்டாகாவைச் சேர்ந்த லைல் தாம்ப்சன் 2014-ல் அண்ணன் மைல்ஸுடன் பகிர்ந்துகொண்டார். 2015-ல் மறுபடியும் அவரேதான்!

பாஸ்போர்ட் பிரச்னை

வெளிநாடு போகும்போது தங்கள் கூட்டமைப்பின் பாஸ்போர்ட்டையே இவர்கள் பயன்படுத்துகிறார்கள். 2010-ல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் உலக சாம்பியன்ஷிப். அந்த பாஸ்போர்ட்டை பிரிட்டன் ஏற்கவில்லை. அமெரிக்க பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டு போகலாமே என்ற யோசனையை அணி மறுத்தது. முடிவு? தொடரையே இழந்தார்கள்.

2022 உலக விளையாட்டுப் போட்டியிலும் முதலில் இடம் கிடைக்கவில்லை. எதிர்ப்பு கிளம்பிய பிறகு, அயர்லாந்து அணி தன் இடத்தை விட்டுக்கொடுத்து இவர்களுக்கு வழிவிட்டது.

ஒலிம்பிக்கில் என்ன சிக்கல்?

ஒலிம்பிக்குக்கு அணியை அனுப்பும் உரிமை தேசிய ஒலிம்பிக் கமிட்டிகளுக்கு மட்டுமே. ஹோடினோஷோனிக்கு அப்படியொரு அங்கீகரிக்கப்பட்ட கமிட்டி இல்லை. தனிக்கொடியோடு ஆட விதிவிலக்கு தர வேண்டும் என 2023 டிசம்பரில் அப்போதைய அமெரிக்க அதிபர் ஜோ பைடன் ஆதரவு தெரிவித்தார். வீரர்கள் அமெரிக்கா அல்லது கனடா அணியில் ஆடலாம் என்பது ஒலிம்பிக் கமிட்டியின் பதில்.

அதாவது, தேர்வுக்குழுவுக்கு முன்பே வீரர்தான் ஒரு முடிவெடுக்க வேண்டும்: ஒலிம்பிக் கனவா, சொந்தக் கொடியா? 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் மோஹாக் வீரர்களின் அணி வெண்கலம் வென்றது. அன்றும் அவர்கள் ஆடியது கனடா பெயரில்தான்.