மாட்டுக் குளம்பும் ஒரு சிரிப்பும்

ஹோமரின் ஒடிஸி, 20ஆம் காண்டம். இருபது வருடம் கழித்து ஊர் திரும்பிய ஒடிசியஸ், பிச்சைக்காரன் வேடத்தில் தன் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். அவன் மனைவியைக் கட்டிக்கொள்ளும் ஆசையில் வந்து, அவனுடைய ஆடு மாடுகளைத் தின்று தீர்க்கிற கும்பலில் கிடெசிப்பஸ் என்றொரு பணக்காரன். விருந்தாளிக்குத் தானும் பரிசு தருவதாகச் சொல்லி, கூடையில் கிடந்த மாட்டுக்காலை எடுத்து வீசுகிறான். ஒடிசியஸ் தலையைச் சற்றே சாய்க்கிறான். குளம்பு சுவரில் மோதுகிறது. அவன் வாயே திறக்கவில்லை; மனசுக்குள் ஒரு சிரிப்பு சிரித்துக்கொள்கிறான்.

அந்தச் சிரிப்புக்கு ஹோமர் கொடுத்த அடைமொழி 'சர்டானியோன்'. ஆங்கிலத்தின் 'சர்டானிக்' அதன் வாரிசு. பிரெஞ்சு வழியாக 17ஆம் நூற்றாண்டில் போய்ச் சேர்ந்தது. அந்த அடைமொழியை 'ஏளனமான' என்று ஒரு மொழிபெயர்ப்பில் போட்டுவிட்டு, பிறகு நானே அடித்தேன். ஏளனம் மேலே இருப்பவன் கீழே பார்த்துச் செய்வது. இது அடிபட்டவனின் சிரிப்பு. கசப்பும் இருக்கும், 'இருக்கட்டும், பார்த்துக்கொள்கிறேன்' என்ற கணக்கும் இருக்கும்.

பின்னால் வந்த கிரேக்கர்களுக்குச் சொல்லின் வேர் பிடிபடவில்லை. ஓசை ஒத்துப்போகிறதே என்று சார்டினியா தீவோடு முடிச்சுப் போட்டார்கள். கிரேக்கச் சொல்லின் 'டா' 'டோ'வாகித் தீவின் பெயரோடு பொருந்திக்கொண்டது. அந்தத் தீவில் விஷச்செடி ஒன்றே ஒன்றுதான், பார்வைக்கு செலரி மாதிரி, தின்றவன் சிரித்தபடியே சாவான் என்று கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்கப் பயண எழுத்தாளர் பாசேனியஸ் எழுதினார். ஊற்றோரம் முளைத்தாலும் தண்ணீரைக் கெடுக்காது என்று மறக்காமல் சேர்த்திருக்கிறார், குடிக்கப் போகிறவன் பயந்துவிடக்கூடாதே!

கட்டுக்கதை என்று தள்ளவும் முடியவில்லை. அந்தச் செடி ஓனாந்தே என்ற இனம்தான் என்று 2009இல் இத்தாலிய ஆய்வாளர்கள் சொன்னார்கள். நம் கொத்தமல்லியின் குடும்பம். முகத்தசையை இழுத்துப் பிடிக்கும் நஞ்சு அதில் இருக்கிறது.

மருத்துவர்களிடம் இன்னும் அந்தப் பெயர் புழக்கத்தில் உண்டு: 'ரைசஸ் சர்டானிகஸ்'. ரணஜன்னி கண்டவருக்குத் தாடை கிட்டித்து, புருவம் ஏறி, வாயோரம் இரண்டு பக்கமும் இழுத்துப் பல் தெரியும். நம் எட்டிக்கொட்டையில் இருக்கும் ஸ்ட்ரிக்னைன் விஷம் ஏறினாலும் இதே முகம்தான். பார்ப்பவருக்குச் சிரிப்பதுபோலத் தோன்றும். படுத்திருப்பவருக்கோ நினைவு தப்பாத வலி. ஹோமர் சொன்னது முகத்துக்கு வராத சிரிப்பு, இது முகத்தோடு நின்றுவிட்ட சிரிப்பு. ஒரே சொல் இரண்டையும் சுமக்கிறது.

ஒடிசியஸின் கணக்கு 22ஆம் காண்டத்தில் தீர்ந்தது. கிடெசிப்பஸின் நெஞ்சில் ஈட்டியைப் பாய்ச்சியவன் ஒடிசியஸ் அல்ல, அவனுடைய மாட்டுக்காரன் பிலோயிடியஸ். அன்றைக்கு வீசிய குளம்புக்கு இது பதில் பரிசு என்று சொல்லிவிட்டுத்தான் நகர்கிறான்.