மூன்று முறை உடை மாற்றிய கடற்கொள்ளைக்காரன்

கடற்கொள்ளைக்காரனாகத் துடிக்கும் கைபிரஷ் திரீப்வுட் 1990-இல் பிறந்தபோது அவனுக்குக் கிடைத்தவை 16 நிறங்களே. 'தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்' கணினி ஆட்டத்தை உருவாக்கிய ரான் கில்பர்ட்டின் குழு, 256 நிறங்களுக்கு வழி திறந்ததும் உடனே தாவியது. 1991-இல் வந்த இரண்டாம் பாகத்தில் ஓவியர்கள் தாளில் தீட்டிய பின்னணிகளை ஸ்கேன் செய்து ஏற்றினார்கள். கடற்கொள்ளைக் கதை ஒரு கேளிக்கைப் பூங்காவில் புதிராக முடிந்தது. அடுத்த ஆண்டே கில்பர்ட், ஆட்டத்தை வெளியிட்ட லூகாஸ் நிறுவனத்தை விட்டு விலகினார். தொடரின் உரிமை அங்கேயே தங்கியது.

கைபிரஷ் பிறர் கைக்குப் போனான். 1997-இல் கார்ட்டூன் உருவம், 2000-இல் முப்பரிமாணம், 2009-இல் டெல்டேல் நிறுவனத்தின் ஐந்து அத்தியாயங்கள். 2012-இல் தாய் நிறுவனமான லூகாஸ்ஃபிலிமோடு தொடரும் டிஸ்னி வசமானது.

மறுபடி ஒரு மங்கி ஐலண்ட் செய்ய நேர்ந்தால் பழைய புள்ளிப் படப் பாணியில்தான் செய்வேன் என்று கில்பர்ட் 2013-இல் எழுதியிருந்தார். ரசிகர்கள் அதை வாக்குறுதியாகவே நெஞ்சில் வைத்துக்கொண்டார்கள். ஆனால் 2017-இல் 'திம்பிள்வீட் பார்க்' மூலம் அந்தப் பாணியில் ஒரு முழு ஆட்டத்தை முடித்திருந்தார் அவர். 2022 ஏப்ரல் 1 அன்று 'ரிட்டர்ன் டு மங்கி ஐலண்ட்' அறிவிப்பு வந்தது. முட்டாள்கள் தினக் கேலி என்றே பலர் நினைத்தார்கள். பிறகு ஓவியர் ரெக்ஸ் க்ரோலின் கோணல்மாணலான, காகிதம் வெட்டி ஒட்டியது போன்ற ஓவியங்கள் வெளியானதும் வசவு பொழிந்தது. மனம் நொந்த கில்பர்ட், ஆட்டத்தைப் பற்றி இனி எழுதப்போவதில்லை என்று ஒதுங்கினார்.

அவர் தரப்பு எளிமையானது: முதல் இரண்டு பாகங்களும் பழமையை நாடியவை அல்ல, அன்றைய கணினியில் முடிந்த உச்சத்தைத் தொட்டவை. கட்டளையிடுவதற்காகத் திரையின் அடியில் இருந்த வினைச்சொல் பட்டியலையும் இம்முறை எடுத்துவிட்டார். மாட்டிக்கொண்டவர்களுக்கு ஆட்டத்துக்குள்ளேயே குறிப்புப் புத்தகம் வைத்தார். அதே சமயம் ரசிகர்கள் முப்பது ஆண்டுகளாகக் கேட்டுவந்த பூங்காக் கேள்வியைத் தட்டிக்கழிக்கவில்லை. செப்டம்பர் 19 அன்று வெளியான ஆட்டம் அந்தப் பூங்காவிலிருந்தே தொடங்கியது. முதல் பாகத்தின் இசையமைப்பாளர் மைக்கேல் லேண்டும் திரும்பி வந்திருந்தார்.

புள்ளிப் படம் வேண்டுவோருக்கு நஷ்டம் ஏதுமில்லை. 2009-இல் புதுப்பிக்கப்பட்ட முதல் பாகத்தில் ஒரு விசையைத் தட்டினால் பழைய தோற்றம் அப்படியே வரும். ஏற்கெனவே கைக்கெட்டுவதை இன்னொரு முறை செய்து கொடுக்க கில்பர்ட் எதற்கு?