இரவுக் கூலி, மாதச் சம்பளம், படச் சம்பளம்: தமிழ் இசையமைப்பாளரின் தொழில் வரலாறு

தமிழ்த் திரையிசை வரலாறு பெரும்பாலும் பெயர்களின் வரிசையாகவே எழுதப்பட்டு வருகிறது. பாபநாசம் சிவன், ஜி. ராமநாதன், விசுவநாதன்–ராமமூர்த்தி, இளையராஜா, ரகுமான் என்று போகும் அந்த வரிசை, பாணி மாறிய கதையை நன்றாகவே சொல்லும். இவர்களுக்குக் காசு கொடுத்தவர் யார், அந்தக் காசுக்கு எதை வாங்கிக்கொண்டார் என்பதுபற்றி அதில் அநேகமாக எதுவும் இருக்காது. எந்த நிறுவனத்திலும் நிரந்தரமாக இல்லாமல் வேலைக்கு வேலை கூலி பேசிக்கொள்ளும் இசையமைப்பாளர் கோடம்பாக்கத்தின் கண்டுபிடிப்பு என்றொரு எண்ணம் உண்டு. ஸ்டுடியோக்கள் சரிந்ததும் அவர் பிறந்தார் என்பார்கள். நாடக மேடையின் கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் வேறு படம் கிடைக்கிறது. மாதச் சம்பளம்தான் இடையில் வந்துபோன விருந்தாளி.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் நாடகத்துக்கு இரண்டு வடிவங்கள் இருந்தன. ஒன்று கம்பெனி நாடகம். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைப் போன்ற பாய்ஸ் கம்பெனிகளில் சிறுவர்கள் ஒப்பந்தத்தின்பேரில் சேர்க்கப்பட்டார்கள். சாப்பாடும் படுக்கையும் பயிற்சியும் கம்பெனியோடுதான். வசனம் எழுதுவதும் பாட்டுக் கட்டுவதும் பாடிக் காட்டுவதும் வாத்தியாரின் வேலை. இரண்டாவது ஸ்பெஷல் நாடகம். இதில் கம்பெனியே கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஆர்மோனியம், மிருதங்கம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக முன்பணம் கொடுத்து ஏஜெண்டு பிடிப்பார். வெவ்வேறு ஊர்க்காரர்கள் அன்றிரவு மேடையில்தான் சந்திப்பார்கள். ஒத்திகை இல்லாமலே வள்ளி திருமணமோ பவளக்கொடியோ விடிய விடிய நடக்கும். எல்லோருக்கும் சுவாமிகளின் பாடம் மனப்பாடம்.

இந்த ஏற்பாட்டில் இசைக்காரர் விற்றது ஓரிரவு உழைப்பை மட்டும்தான். நடிகர் எந்தச் சுருதியில் எடுத்தாலும் பின்தொடர்வது, குரல் தளர்ந்த இடத்தில் பின்பாட்டுப் பாடித் தாங்குவது, பபூன் இழுத்துக்கொண்டு போகும் இடத்துக்கெல்லாம் போவது ஆகியவற்றுக்குத்தான் கூலி. எஸ்.ஜி. கிட்டப்பாவுக்கு ஆர்மோனியம் வாசித்த காதர் பாட்சாவின் பெயர் நடிகரின் பெயருக்கு அடுத்தபடியாக நினைக்கப்பட்டதற்கும் இந்தத் திறமையே காரணம். மெட்டுக்கு அங்கே விலையில்லை. நாடகப் பாட்டுப் புத்தகங்களில் பாட்டின் தலையிலேயே ‘வர்ணமெட்டு’ என்று போட்டு, இன்ன பாட்டைப் போலப் பாடவும் என்று அச்சடித்தார்கள். கீர்த்தனை, காவடிச்சிந்து, பார்சி நாடக மெட்டு, இந்துஸ்தானிப் பாட்டு எல்லாம் கலந்து கிடந்த பொதுக் கிடங்கு அது. யார் எடுத்தாலும் யாருக்கும் நட்டமில்லை.

ஒலிப்பதிவு இந்தக் கணக்கை மாற்றியது. கிட்டப்பாவின் இசைத்தட்டுகள் விற்கத் தொடங்கியபோதே அதன் சாயல் தெரிந்தது. 1931 அக்டோபரில் ‘காளிதாஸ்’ பேசும்படம் வந்தபின் உறுதியானது. அதற்குமுன் மெட்டு பாடுகிறவரோடு வந்தது, அவரோடு போனது. இப்போது ஒருமுறை பாடிவிட்டால் அவர் இல்லாமலே ஆயிரம் கொட்டகைகளில் அது ஒலிக்கும். கூலியோ பழைய முறைப்படி, வந்து பாடிப்போனதற்கான கூலியாகவே இருந்தது. என் வாதம் இந்த இடத்தில்தான் நிற்கிறது: விற்ற பொருள் மாறிவிட்டது, விலை பேசும் முறை மாறவில்லை.

தொடக்க காலப் பேசும்படங்களில் இசையமைப்பு தனித்தொழிலாகவே உருவாகியிருக்கவில்லை. 1934இல் ‘சீதா கல்யாணம்’ படத்தின்மூலம் வந்த பாபநாசம் சிவன் பாட்டையும் மெட்டையும் சேர்த்தே கட்டினார். ‘ஹரிதாஸ்’ (1944) படத்துக்கு வரும்போது வேலை பிரிகிறது: பாட்டும் மெட்டும் சிவன், வாத்திய அமைப்பு ஜி. ராமநாதன். திருச்சி பக்கத்துப் பிச்சாண்டார்கோவிலில் பிறந்து, அண்ணனின் ஹரிகதைக்கு ஆர்மோனியம் வாசித்துத் தொழில் பழகியவர் ராமநாதன். மேடையில் அடுத்தவர் குரலுக்குப் பின்னால் நின்றவர், திரையில் முன்னால் வந்தார். கே.வி. மகாதேவன், எஸ்.எம். சுப்பையா நாயுடு ஆகியோரும் நாடகக் கம்பெனி வழியாக வந்தவர்களே. கச்சேரி வித்துவான்களைவிட இவர்கள் சினிமாவில் நிலைத்ததில் எனக்கு வியப்பில்லை. காட்சியைப் பார்த்து அந்த நிமிடமே மெட்டை வளைக்கும் பழக்கம் கச்சேரி மேடையில் கிடைக்காது.

1930களின் பிற்பகுதியில் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், கோவை சென்ட்ரல் ஸ்டுடியோ, அடுத்து சென்னை ஜெமினி, ஏவி.எம். ஆகியவை எழுந்தன. நடிகர்முதல் தச்சர்வரை மாதச் சம்பளத்தில் வைத்துக்கொண்ட இந்நிறுவனங்களில் இசையும் ஓர் இலாகா. ஜெமினியின் இசைப் பிரிவில் எம்.டி. பார்த்தசாரதியும் எஸ். ராஜேஸ்வர ராவும் இருந்தார்கள். வீணை வித்துவான் ஈமனி சங்கர சாஸ்திரியும் அங்கே வேலை பார்த்தார். ‘சந்திரலேகா’வின் (1948) இசை இந்தப் பிரிவின் கூட்டு உழைப்பு. நாள்கணக்கில் ஒத்திகை பார்க்கவும் பெரிய வாத்தியக்குழுவைக் கலையவிடாமல் வைத்துக்கொள்ளவும் முடிந்ததற்கு நிலையான சம்பளமே காரணம். ஏவி.எம்.மில் ஆர். சுதர்சனம் ‘ஸ்ரீவள்ளி’ (1945) தொடங்கி ‘பராசக்தி’ (1952), ‘களத்தூர் கண்ணம்மா’ (1960) வரை ஆஸ்தான இசையமைப்பாளராகவே நீடித்தார். அவருடைய மெட்டுகளை அறிந்த அளவுக்கு அவர் பெயரை மக்கள் அறியாததற்கு, எப்போதும் ஒரே கொடியின்கீழ் நின்றதும் ஒரு காரணம் என்று தோன்றுகிறது.

சம்பள முறையின் மறுபக்கத்தைக் காட்ட ஒரு சம்பவம் போதும். கோவையில் ஜுபிடர் நிறுவனத்தில் எடுபிடி வேலை பார்த்த எம்.எஸ். விசுவநாதன், சுப்பையா நாயுடு இல்லாத நேரத்தில் ஆர்மோனியத்தில் ஒரு மெட்டுப் போட்டார். நாயுடுவுக்குப் பிடித்துவிட்டது. ‘அபிமன்யு’ (1948) படத்தில் அது நாயுடுவின் மெட்டாகவே இடம்பெற்றது. பையன் போட்டதென்று தெரிந்தால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்பது அவர் சொன்ன காரணம். நிறுவனம் சென்னைக்கு மாறி ஆட்களைக் குறைத்தபோது நாயுடுவே உண்மையைச் சொல்லிப் பையனையும் கூட்டிப்போகச் சொன்னார். விசுவநாதன் இதை நன்றியோடுதான் பின்னாளில் நினைவுகூர்ந்தார். நாயுடுவின் பெருந்தன்மையில் ஐயமில்லை. ஆனாலும் மெட்டு யாருடையது என்ற கேள்விக்கு அந்த அமைப்பில் இடமே இல்லாததால்தான் பெருந்தன்மை தேவைப்பட்டது.

1950களில் ஸ்டுடியோக்கள் தம் தளங்களை வெளியாருக்கு வாடகைக்கு விடுவது லாபமானது. நடிகர்களும் இயக்குநர்களும் சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள், எம்.ஜி.ஆரின் ‘நாடோடி மன்னன்’ (1958) இந்த மாற்றத்தின் பெரிய அடையாளம். விநியோகஸ்தரின் முன்பணத்தில் படம் எடுத்தவர்களால் நிரந்தர இசைக்குழுவைக் கட்டி மேய்க்க முடியாது. பெயருள்ள இசையமைப்பாளரைப் படத்துக்கு இவ்வளவு என்று பேசி முடித்தார்கள். சி.ஆர். சுப்பராமன் 1952இல் இளவயதில் இறந்தபோது பாதியில் நின்ற வேலைகளை முடித்துக் கொடுத்த விசுவநாதனும் ராமமூர்த்தியும் அதே ஆண்டு ‘பணம்’ படத்தில் இணைந்தார்கள். 1965இல் பிரியும்வரை இந்தப் புதிய சந்தையில் அவர்களே முதலிடம். பாடகர் ஏ.எம். ராஜா ‘கல்யாண பரிசு’ (1959) படத்துக்கு இசையமைக்க முடிந்ததும், மெல்லிசைக்கு இவ்வளவு விரைவாக இடம் கிடைத்ததும் இந்தச் சூழலால்தான்.

சபா நாடகத்திலிருந்தும் ஒரு வழி திறந்தது. கே. பாலசந்தரின் மேடை நாடகங்களுக்கு இசையமைத்த வி. குமார், ‘நீர்க்குமிழி’ (1965) படமானபோது அதன் இசையமைப்பாளரானார். பாவலர் சகோதரர்கள் கட்சி மேடையிலும் நாடக மேடையிலும் பழகியவர்கள். அவர்களில் ஒருவரான இளையராஜா, ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராகவும் பலரிடம் கிதார் வாசிப்பவராகவும் கால்ஷீட் கணக்கில் பிழைத்து, 1976இல் ‘அன்னக்கிளி’க்கு வந்தார்.

கால்ஷீட் வாசிப்பவர்களின் நிலைமை தனிக்கதை. ஸ்டுடியோச் சம்பளம் போனபின் அவர்களுக்குக் கூலி விகிதம் என்று ஒன்று இல்லை. ‘பாதை தெரியுது பார்’ (1960) படத்தின் இசையமைப்பாளரும் இடதுசாரியுமான எம்.பி. சீனிவாசன் திரையிசைக் கலைஞர்களைச் சங்கமாகத் திரட்டினார். அதிக மெட்டுகளைத் தமிழுக்குத் தராத இவருக்கு வரலாற்றில் இப்போது கிடைப்பதைவிடப் பெரிய இடம் தரவேண்டும்.

சங்கம் கூலியைச் சரிசெய்தது. உரிமை நீதிமன்றத்துக்குப் போனது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, வேலை ஒப்பந்தத்தின்கீழ் செய்த படைப்புக்கு முதலாளியே முதல் உரிமையாளர் என்கிறது. பணம் கொடுத்து எடுக்கச் செய்த திரைப்படத்துக்குப் பணம் கொடுத்தவர் முதல் உரிமையாளர் என்றும் சொல்கிறது. 1969இல் உருவான இந்திய நிகழ்த்துரிமைச் சங்கம் திரையரங்குகளிடம் உரிமத்தொகை கேட்டது. 1977இல் உச்ச நீதிமன்றம், மாற்று ஒப்பந்தம் இல்லாவிட்டால் தயாரிப்பாளரே உரிமையாளர் என்று தீர்த்தது. சம்பளக்காரரும் சுதந்திரமாகத் தொழில் செய்பவரும் சட்டத்தின்முன் ஒன்றே என்றாகிவிட்டது. நீதிபதி கிருஷ்ணய்யர் தனியாக ஒரு குறிப்பு எழுதிக் கலைஞர்களின் நிலையை நாடாளுமன்றம் கவனிக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

கவனிக்க முப்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. அதற்குள் தொழிலே வேறாகியிருந்தது. விளம்பர இசை செய்துகொண்டிருந்த ரகுமான் 1989இல் தம் வீட்டோடு ஒலிப்பதிவுக் கூடம் அமைத்தார். 1992இல் ‘ரோஜா’ அங்கிருந்து வந்தது. கூடம் இசையமைப்பாளரின் கைக்கு வந்தபின், வாத்தியக்காரர் செலவு, பாடகர் செலவு, கலவை எல்லாம் உட்பட ஒரே தொகை பேசும் ‘பேக்கேஜ்’ பரவியது. முன்பு தயாரிப்பாளரின் தலையில் இருந்த நட்டம் இசையமைப்பாளரின் தலைக்கு மாறியது. வளர்ந்தவர்களுக்கு இது வசதி. முதல் படக்காரருக்குப் பல நேரங்களில் செலவு போக மிஞ்சுவது கொஞ்சம். ரகுமான் 2002இல் லண்டன் மேடைக்கு ‘பாம்பே ட்ரீம்ஸ்’ செய்தபோது ‘முதல்வன்’ (1999) படப் பாட்டொன்றும் அதில் ஏறியது. நாடகம் ஓடும்வரை வசூலில் ஆசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் பங்கு கொடுப்பது அந்த மேடையின் நெடுநாள் வழக்கம். தமிழ் மேடையில் அப்படியொரு வழக்கம் வேரூன்றவே இல்லை.

2012 ஜூன் 21இல் நடைமுறைக்கு வந்த பதிப்புரிமைச் சட்டத் திருத்தம், திரையரங்கில் படத்தோடு ஒலிப்பதைத் தவிர மற்றப் பயன்பாடுகள் எல்லாவற்றிலும் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சமபங்கு உரிமத்தொகை உண்டு என்றது. எழுதிக்கொடுத்தாலும் அந்த உரிமை போகாது என்பது இதன் முக்கியமான கூறு. 2017இல் தம் பாடல்களை மேடையில் அனுமதியின்றிப் பாடக்கூடாதென்று நெடுநாள் நண்பரான பாடகருக்கு இளையராஜா அனுப்பிய அறிவிப்பைப் பலர் நட்பு முறிந்த கதையாகவே பேசினார்கள். தொழில் வரலாற்றின் பார்வையில், மெட்டுக்கு நிரந்தர விலை உண்டு என்பதைத் தமிழ்ச் சமூகம் முதல்முறையாகக் காதுகொடுத்துக் கேட்ட தருணம் அது. கேட்டது பிடிக்கவில்லை என்பதும் உண்மை. 2012க்கு முன் ஒற்றைத்தாள் ஒப்பந்தத்திலும் வாய்ப்பேச்சிலும் கைமாறிய பாடல்களின் உரிமைபற்றிய வழக்குகள் அதற்குப்பிறகு நீதிமன்றங்களில் பெருகியிருக்கின்றன.