கைக்கு இசைந்த விசைகள்

யாழைச் செய்தவன் ஒருவன். பண்ணுக்கு ஏற்ப அதன் நரம்புகளைக் கூட்டியவன் வேறொருவன். கருவி தச்சனிடம் பிறந்தாலும் அதனை இயக்கும் முறை பாணர்தம் கைகளிலேயே வளர்ந்தது. கணினி விளையாட்டின் வரலாற்றிலும் இத்தகைய பிரிவு உண்டு. விளையாட்டுகளை உருவாக்கியோர் பெயர்கள் ஏட்டில் ஏறியுள்ளன. எந்தப் பொத்தானை அழுத்தினால் எச்செயல் நிகழ வேண்டும் என்று தம் கைப்பழக்கத்தால் வகுத்து, அவ்வமைப்பைப் பிறர்க்கும் வழங்கிய ஆட்டக்காரர்களோ பெரும்பாலும் பெயர் அறியப்படாதவர்கள்.

1962ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்டீவ் ரஸ்ஸலும் அவர்தம் நண்பர்களும் பிடிபி-1 என்னும் கணினியில் 'ஸ்பேஸ்வார்' என்ற விண்வெளிப் போர் விளையாட்டை உருவாக்கினர். கப்பலைத் திருப்பவும் செலுத்தவும் கணை ஏவவும் முதலில் அவர்களுக்குக் கிடைத்தவை, கணினியின் முகப்பில் சோதனைக்காகப் பொருத்தப்பட்டிருந்த சிறு விசைகளே. முழங்கை வலித்தது, திரையைக் காண்பதில் ஒருவருக்கு வசதியும் மற்றவருக்கு இடரும் நேர்ந்தன. ஆலன் கோடக், ராபர்ட் சாண்டர்ஸ் என்னும் இருவர், கழகத்தின் மாதிரி இரயில் மன்ற அறையில் கிடந்த மரத்துண்டு, கம்பி, விசை முதலியவற்றைத் திரட்டிக் கையடக்கப் பெட்டிகளைச் செய்தனர். கணை ஏவும் பொத்தான் ஓசை எழுப்பாதவாறு அமைக்கப்பட்டது. எதிராளி அதைக் கேட்டு விழித்துக்கொள்ளக் கூடாதன்றோ! கணினி விளையாட்டுக்கென ஆட்டக்காரரே தம் கைக்கு ஏற்பக் கருவி சமைத்துக்கொண்ட தொடக்கக் காட்சி இது.

மரப்பெட்டியைப் படியெடுத்துப் பலருக்கு அனுப்புதல் எளிதன்று. எழுத்தால் ஆன கோப்போ அங்ஙனம் அன்று. 1996இல் வெளிவந்த, ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் உருவாக்கிய 'குவேக்' விளையாட்டில், இன்ன விசைக்கு இன்ன செயல் என்று வரி வரியாக எழுதிய சிறு கோப்பு ஒன்றை ஆட்டக்காரர் தாமே அமைத்துக்கொள்ள இயன்றது. அம்புக்குறி விசைகளால் நகர்வதே அக்காலத்து இயல்பு. டென்னிஸ் ஃபாங் என்னும் இளைஞர், டபிள்யூ, ஏ, எஸ், டி ஆகிய நான்கு எழுத்து விசைகளை இடக்கைக்கும், மவுஸ் எனப்படும் சுட்டியை வலக்கைக்கும் உரியவையாக்கி ஆடினார். 1997இல் நடந்த குவேக் போட்டியில் வென்று, அவ்விளையாட்டின் நிரலாளர் ஜான் கார்மக்கின் ஃபெராரி மகிழுந்தையே பரிசாகப் பெற்றார். வென்றவன் கையைப் பின்பற்ற விரும்பாதார் யார்? அவருடைய கோப்பை வேண்டிப் பலர் நின்றனர். 'குவேக் 2' விளையாட்டின் உள்ளேயே அவ்வமைப்பு சேர்க்கப்பட்டதாக ஃபாங் பிற்காலத்தில் கூறியுள்ளார். 1998இல் வெளிவந்த, வால்வ் நிறுவனம் உருவாக்கிய 'ஹாஃப்-லைஃப்' அந்நான்கு எழுத்துகளையே இயல்பான அமைப்பாகக் கொண்டது. ஆட்டக்காரர் வழக்கு நிறுவனத்தின் விதியாயிற்று. பேச்சு வழக்கு இலக்கணத்துள் ஏறியதைப் போன்றது இது.

2005இல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360இன் கண்ட்ரோலர் என்னும் கைக்கருவி கணினியிலும் பரவிற்று. புதிய விளையாட்டுகள் பல அதற்கு இடம் தந்தன. ஆயின் விசைப்பலகையையும் சுட்டியையும் மட்டுமே அறிந்த பழைய விளையாட்டுகளும், நாடு நகர் அமைத்து ஆளும் விளையாட்டுகளும் கைக்கருவி ஏந்தியோர்க்கு எட்டாதிருந்தன.

2015 நவம்பரில் வால்வ் வெளியிட்ட 'ஸ்டீம் கண்ட்ரோலர்' அத்தடையை அகற்ற முயன்றது. அதன் முகப்பில் இரண்டு வட்டத் தொடுபரப்புகள் இருந்தன. வலப் பரப்பில் பெருவிரலை நகர்த்தினால் திரையில் சுட்டி நகரும். இடப் பரப்பைப் பல கூறாக்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு விசையை வைக்கலாம். பின்புறத்தில் பிடியோடு ஒட்டிய பொத்தான்களும், சாய்வை உணரும் பொறியும் உண்டு. ஒரு பொத்தானை அழுத்தியிருக்கும்போது மட்டும் மற்றவற்றின் பொருள் மாறுமாறும் செய்யலாம். இத்தனை வாய்ப்புகள் ஒருங்கே கிடைத்தமையே தொல்லையுமாயிற்று. ஆடத் தொடங்குமுன் அமைப்பை வகுப்பதிலேயே மாலைப்பொழுது கழிந்துவிடும்! ஆகவே ஒருவர் வகுத்த அமைப்பை ஸ்டீமில் வெளியிடவும், அதே விளையாட்டை வாங்கிய மற்றவர் அதனை எடுத்துக்கொள்ளவும், தமக்கேற்பத் திருத்தி மீண்டும் வெளியிடவும் வழி செய்யப்பட்டது.

எடுத்தல் எளிது, தேர்தல் அரிது. புகழ்பெற்ற விளையாட்டு ஒன்றுக்கு அமைப்புகள் குவிந்து கிடக்கும். அவற்றுள் நல்லது எது? பலர் எடுத்தாடியது முன்னே நிற்கும் என்பது உண்மையே. எனினும் பலர் எடுத்தது முதலில் வந்ததாகவும் இருக்கலாம். விளக்கமின்றி வெளியிடப்படும் அமைப்பு உரையில்லாச் சூத்திரத்தை ஒக்கும். கைக்கருவியை ஏந்தியிருப்பவரிடம் திரை 'ஈ விசையை அழுத்துக' என்று கூறும்போது, அந்த ஈ எந்தப் பொத்தானில் ஒளிந்துள்ளது என்பதை வகுத்தவர் சொன்னாலன்றி அறிய இயலாது. ஒவ்வொரு செயலுக்கும் பெயர் எழுதி, இன்ன கைக்கருவிக்கு உரியது என்றும் குறித்து வைத்தவர்களே இவ்வரலாற்றின் நல்லுரையாசிரியர்கள்.

இது பொழுதுபோக்குச் செய்திதானே எனச் சிலர் தள்ளிவிடக்கூடும். ஒரு கை மட்டுமே இயங்கும் ஒருவர்க்குச் செயல்களை எல்லாம் அக்கைக்கே மாற்றித் தரும் அமைப்பு, ஆடுதலுக்கும் ஆடாமைக்கும் இடையிலுள்ள கதவாகும். 2018இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் உடற்குறை உடையோர்க்கென எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கண்ட்ரோலரை வெளியிட்டதும் இத்தேவையை உணர்ந்தே.

உடைமை பற்றிய வினாவும் இங்கு எழுகின்றது. குவேக் காலத்துக் கோப்பு ஆட்டக்காரரின் வட்டில் இருந்தது. அதனை எவரும் திறந்து படிக்கலாம், நண்பனுக்குக் கொடுக்கலாம். ஸ்டீமில் பகிரப்படும் அமைப்போ ஒரு நிறுவனத்தின் பண்டகசாலையில் உறைகின்றது. அந்நிறுவனத்தின் மென்பொருளைக் கொண்டே அதனைப் பயன்படுத்த வேண்டும். வசதி பெருகியவிடத்து உரிமை சுருங்கிற்று என்பதை மறுத்தற்கில்லை.

2019 இறுதியில் ஸ்டீம் கண்ட்ரோலரின் விற்பனை முடிவுற்றது. அமைப்புகளோ அதனுடன் மறையவில்லை. அதற்கு முன்னரே பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், நிண்டெண்டோ கைக்கருவிகளுக்கும் பகிர்வு விரிந்திருந்தது. 2022 பிப்ரவரியில் வந்த 'ஸ்டீம் டெக்' என்னும் கையடக்கக் கணினி இரு தொடுபரப்புகளையும் நான்கு பின்பொத்தான்களையும் கொண்டிருந்தது. அதை வாங்கியவர் விசைப்பலகை விளையாட்டு ஒன்றைத் திறந்தபோது, கடையில் கிடைக்காத ஒரு கருவிக்காக முன்னொருவர் வகுத்து வைத்த அமைப்பு அவருக்காகக் காத்திருந்ததும் உண்டு.