ஜொகூரில் நம் பேச்சும் எழுத்தும்

பொன்விழா மலருக்கு வரலாறு எழுதித் தரும்படி நிர்வாகத்துப் பெரியவர்கள் கேட்டபோது முதலில் தயங்கினோம். பாலிடெக்னிக்கில் மின்சாரம் படித்துவிட்டு, அத்தாவின் கடைக் கல்லாவில் வந்து உட்கார்ந்தவர்கள் நாங்கள். "கூட்டக் குறிப்பேடுகள் அலமாரியில் இருக்கின்றன, பார்த்து எழுதுங்கள்" என்றார்கள். பார்த்தோம். ஆரம்பகால நோட்டுகள் முழுக்கத் தமிழ்க் கையெழுத்து. நடுவில் வருபவற்றில் விவாதம் தமிழிலும் தீர்மானம் மலாயிலும் இருக்கின்றன. அண்மைக் காலத்தவை முழுக்க மலாய், கணினியில் அடித்தவை. சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை மலாயில் போக வேண்டியிருப்பதால் இதில் எவரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த முதல் நோட்டுகளைத் தட்டுத்தடுமாறாமல் வாசிக்க எங்கள் வயதுக்காரர்களில் ஒருவரும் இல்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்தவர்களுக்கும் அச்செழுத்து ஓடுகிறது, கையெழுத்து ஓடவில்லை. ஆகவே, நாம் எந்த மொழியில் பேசி, எந்த எழுத்தில் எழுதி வந்தோம் என்பதையே இங்கே எழுதுகிறோம்.

இந்தக் கதை நம் சங்கத்தைவிட மிகப் பழையது. மலாய் இலக்கியத்தில் பெரிய பெயரான முன்ஷி அப்துல்லாஹ் 1796-இல் மலாக்காவில் பிறந்தவர். அவருடைய பூட்டனார் யமன் நாட்டு அரபி. அவர் நாகூருக்கு வந்து தமிழ்ப் பெண்ணை மணந்து கொண்டார். அந்த வழியில் வந்தவர்கள்தாம் மலாக்காவுக்குக் கப்பலேறினார்கள். 1849-இல் அச்சான தம் சுயசரிதையான ஹிக்காயத் அப்துல்லாஹ்வில், சிறு வயதில் தம்மைத் தமிழ் படிக்க அனுப்பினார்கள் என்று எழுதியிருக்கிறார். மலாக்காவில் வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் படிப்பது அப்போது வழக்கமாம். காரணம் கணக்கு. வியாபாரத்தின் மொழியாகத் தமிழ் இருந்த காலம் அது.

அவருடைய மகன் முகம்மது இப்ராஹீம் முன்ஷி நம் ஜொகூருக்கு வந்தார். சுல்தான் அபு பக்கரின் அரசாங்கத்தில் உயர்ந்த பதவி வகித்தார். 1870-களில் தாம் செய்த பயணங்களை எழுதி வைத்தார், மலாயில். தகப்பனார் கணக்குக்காகத் தமிழ் படித்தார். மகன் அரசாங்கத்துக்காக மலாய் எழுதினார். நம் கூட்டங்களில் இன்று மேசையைத் தட்டிப் பேசும் விஷயத்தை அந்த வீடு சத்தமில்லாமல் முடித்துவிட்டது என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

ஆனால் எல்லா வீடும் அப்படி முடிக்கவில்லை. மலாய் மொழியின் முதல் செய்தித்தாள் எனப்படும் ஜாவி பெரானாக்கான் 1876-இல் சிங்கப்பூரில் வெளிவந்தது. அதை நடத்தியவர்கள் இந்திய முஸ்லிம் வழிவந்த ஜாவி பெரானாக்கான்மார். அதே ஊரில் 1887-இல் சி. கு. மகுதூம் சாயபு சிங்கை நேசன் என்ற தமிழ் வார இதழைத் தொடங்கினார். ஒரே சமுதாயம் இரண்டு பக்கமும் பேசிக்கொண்டிருந்தது.

நம் முன்னோர் பெரும்பாலும் சபராளிகள். நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கிலோ சிங்கப்பூரிலோ இறங்கி, சில வருடம் உழைத்துவிட்டு ஊருக்குத் திரும்பி, மறுபடி வந்தார்கள். 1926-இல் கட்டப்பட்ட ராஜுலா கப்பலைப் பற்றிப் பேசாத பெரியவரை நாங்கள் கண்டதில்லை. கீழே கடை, மேலே படுக்கை. கடை மூடியபின் ஐந்தடியில் பலகை போட்டு உட்காருவார்கள். சிங்கப்பூரிலிருந்து பாலம் தாண்டி வந்த தமிழ் முரசை ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பார்கள். அந்த ஐந்தடிதான் நம் முதல் சங்கக் கட்டடம். ஊர்க் கடிதமும் அங்கேதான் பிரிக்கப்பட்டது. எங்கள் பாட்டியார் பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் குர்ஆன் ஓதத் தெரியும். அதனால் அரபு எழுத்தில் தமிழ் எழுதுவார். அந்த அரபுத் தமிழ்க் கடிதங்கள் ஒரு பிஸ்கட் டின் நிறைய எங்கள் வீட்டில் இருந்தன. வீடு மாறும்போது போய்விட்டன.

பிறகு வாசல்கள் ஒவ்வொன்றாக மாறின. 1967-இல் பாலத்தில் கடப்பிதழ்ச் சோதனை வந்தது. 1969 முதல், குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த எத்தனையோ பேர் மூட்டை கட்டினார்கள். 1973 மே மாதம் வரை இரண்டு பக்கமும் வெள்ளிக்கு வெள்ளி சரியாக மாறியது. அந்த ஏற்பாடு முடிந்ததும் பாலத்தின் இருபுறமும் பண மாற்றுத் தொழிலுக்கு வேலை கூடியது. நஷ்டத்திலும் ஒரு வியாபாரம் பார்ப்பது நமக்குப் புதிதல்ல! 1985 பிப்ரவரியில் எம்.வி. சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்தது. அதோடு கப்பல் பயணமும் போயிற்று. சபராளியாக வந்தவர்களில் தங்கியவர்கள் ஜொகூர்க்காரர்களாக ஆனார்கள். ஜனாஸா, மரண சகாய நிதி, பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பது, கல்யாணப் பேச்சு எல்லாவற்றுக்கும் ஓர் இடம் வேண்டியிருந்தது. அப்படித்தான் சங்கம்.

கூட்டம் எந்தக் கிழமை என்பதே ஜொகூரில் ஒரு தனி வரலாறு. 1994 வரை வெள்ளி விடுமுறை. பிறகு சனி, ஞாயிறு. 2014-இல் மறுபடி வெள்ளி, சனி. 2025 ஜனவரி முதல் திரும்பவும் சனி, ஞாயிறு. வெள்ளி விடுமுறையானால் ஜும்ஆ முடிந்து ஜாலான் டியூக் மஸ்ஜித் இந்தியாவிலிருந்து அப்படியே கூட்டத்துக்கு வந்துவிடலாம். ஞாயிறானால் சிங்கப்பூர் உறவினர்களும் வருவார்கள், சாப்பாடு கூடுதலாக ஆக்க வேண்டும்.

கூட்டத்தில் என்ன பேசினோம்? அதிகம் பேசியது மொழியைத்தான். பயான் தமிழிலா மலாயிலா என்று ஒவ்வொரு ரமளானிலும் கேள்வி வரும். பெரியவர்களுக்குத் தமிழில் கேட்டால்தான் மனம் நிறையும். பிள்ளைகள் தேசியப் பள்ளியில் படிப்பவர்கள், தமிழில் பேசினால் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். அரசியலமைப்பின் 160-ஆவது பிரிவு இஸ்லாத்தைப் பின்பற்றி, வழக்கமாக மலாய் பேசி, மலாய் வழக்கத்தில் வாழ்பவரை மலாய்க்காரர் என்று சொல்கிறது. அதனால் நம் வீடுகளில் அண்ணன் ஒரு பதிவிலும் தம்பி வேறு பதிவிலும் இருப்பதுண்டு. இதை மறைத்து எழுதினால் வரலாறாகாது. மலாய் நமக்கு அந்நியம் என்று சொல்பவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. முன்ஷி அப்துல்லாஹ் காலத்திலிருந்து அதுவும் நம் மொழிதான். தமிழ் போனால் ஒன்றும் குறையாது என்பவர்களோடும் முன்பு நாங்கள் ஓரளவு ஒத்துப்போயிருந்தோம். ஒரு பேரேடு எங்களை மாற்றியது.

பாட்டனார் மவுத்தான பிறகு கடையை ஒழித்தபோது அவருடைய பேரேடுகள் கிடைத்தன. பழைய பேப்பர்காரரிடம் போட இருந்தோம். ஒரு பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தது. பக்கத்தில் ங, ள, ச, ய என்று நான்கு எழுத்துகள். என்ன வார்த்தை என்று விளங்கவில்லை. சங்கத்தில் எண்பதைத் தாண்டிய மாமா ஒருவரிடம் காட்டினோம். கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது எழுத்தில்ல. தமிழ் இலக்கம். முந்நூத்து நாப்பது வெள்ளி. மூவார்லேருந்து பாக்கு அனுப்புனவருக்கு பாக்கி. குடுத்ததா வரவே இல்லையே" என்றார்.

மவுத்தானவரின் கடனை அடைத்த பிறகுதான் சொத்தைப் பிரிக்க வேண்டும் என்பது நம் எல்லாருக்கும் தெரியும். எங்கள் வீட்டில் சொத்து பிரித்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

மூவாருக்குப் போய் விசாரித்தோம். இரண்டாவது தடவைதான் அந்த வியாபாரியின் பேரனைக் கண்டுபிடித்தோம். எங்கள் வயதுதான். மலாயில்தான் பேசினார். பேரேட்டைப் புரட்டிப் பார்த்து, தம் பாட்டனாரின் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டார். விரலை வைத்துக் காட்டினோம். அவருக்கும் வாசிக்கத் தெரியவில்லை. படம் எடுத்துக்கொண்டார். பணத்தைக் கையில் வாங்கவில்லை, நோன்புக் கஞ்சிக்குப் போடச் சொன்னார். அன்றைய முந்நூற்று நாற்பது இன்றைக்கு எவ்வளவு என்று அத்தாவும் பெரியத்தாவும் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். போட்டது கூடுதலாகவே போட்டோம்.

அந்தப் பேரேடு இப்போது சங்க அலமாரியில், முதல் குறிப்பேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாமா ஞாயிறு காலை பத்து மணிக்குப் பழைய கையெழுத்தும் இலக்கமும் சொல்லித் தருகிறார். எங்களையும் சேர்த்து ஏழு பேர் வருகிறோம். முதல் குறிப்பேட்டில் பதினொன்றாம் பக்கம் வரை வந்திருக்கிறோம். பாய் விரிக்கவும் டீ வாங்கவும் யார் பொறுப்பு என்று அதில் ஒன்றரைப் பக்கத்துக்கு விவாதம் நடந்திருக்கிறது.